மனசைப் பற்றிய ஒரு பழைய சண்டை

பன்னிரண்டு என்று கூப்பிட்டார்கள். எங்கள் சீட்டில் நாற்பத்தேழு. ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தாலும் மூன்று மணி நேரம், நடுவில் டாக்டரம்மா ஒரு தடவை வார்டுக்குப் போய்வருவார், ஒரு தடவை டீ குடிப்பார், மத்தியானம் ஆகிவிடும், கல்லூரியில் அரைநாள் லீவு என்று எழுதிக்கொடுத்தது பொய்யாகிவிடும். கிப்சன் என் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறான். என் தம்பி, நாற்பத்தொரு வயசு. சட்டையை அவனே இஸ்திரி போட்டுக்கொண்டான், காலரில் மட்டும் ஒரு மடிப்பு உள்ளே திரும்பியிருக்கிறது, அதைச் சரிசெய்யக் கை போகிறது, வேண்டாம் என்று இழுத்துக்கொள்கிறேன். பெரியாஸ்பத்திரியின் இந்த மனநலப் பிரிவு பெஞ்சில் மாதம் ஒரு தடவை என்று பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறோம். முதல் தடவை வந்தபோது அவனுக்கு இருபத்துமூன்று, பாலிடெக்னிக் முடித்து டிவி ரிப்பேர் கடையில் சேர்ந்து எட்டு மாதம், கழற்றிப் போட்ட டிவியிலிருந்து யாரோ தன் பேரைச் சொல்கிறார்கள் என்றான், நாங்கள் சிரித்தோம், சிரித்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. பதிமூன்று. பதிமூன்றாம் எண் ஒரு கிழவர், மகள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறார். நாற்பத்தேழு வருவதற்குள் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். டாக்டரம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா. நேற்று சாயங்காலம் குரோட்டன்ஸ் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன், மேல்மண் கரைந்ததும் வெள்ளை வெள்ளையாக என்னமோ தெரிந்தது, முட்டை ஓடு என்று கிளறினால் மாத்திரை. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, பாதி கரைந்தும் கரையாமலும். எண்ணவில்லை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கை கழுவினேன், திருடியது நான் என்பதுபோல.

காரணம் எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் பக்கத்து மைதானத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம், பிரதர் ஒபேத் என்று ஒரு பிரசங்கியார், நல்ல குரல், இதே குரலில் பாடினால் நானே உட்கார்ந்து கேட்பேன். கிப்சன் மூன்று நாளும் போனான். மூன்றாம் நாள் வந்து, அக்கா, எனக்குப் பயம் போயிருச்சு என்றான். இயேசுவுக்கு ஒரு நொடிகூடப் பயம் வந்ததில்லையாம், பயம் என்பதே பிசாசு போடுகிற விதையாம், கிறிஸ்துவின் சிந்தை உள்ளே வந்துவிட்டால் மனித மனசு ஒதுங்கிக்கொள்ளுமாம், அப்புறம் எதற்கு மாத்திரை, அப்படி அவர் நேரடியாகச் சொன்னாரா இவனாகப் புரிந்துகொண்டானா, தெரியவில்லை. அன்றைக்கு அவன் முகம் துலக்கமாக இருந்தது. எனக்குச் சந்தோஷம். இறையியல் கல்லூரியில் பதினாறு வருஷமாகத் திருச்சபை வரலாறு நடத்துகிற பியூலா டீச்சரான எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டதும் மணி அடித்திருக்க வேண்டாமா, அடிக்கவில்லை, நான் அடுப்படிக்குப் போய் அவனுக்கு இரண்டு அப்பளம் கூடுதலாகப் பொரித்தேன்.

அதே நேற்று, காலையில், ஆதிச் சபையில் இயேசுவைப் பற்றி நடந்த சண்டைகளை நடத்திக்கொண்டிருந்தபோது, வகுப்பில் ரீகன் எழுந்து நின்றான். உப்பளத்துப் பக்கத்துப் பையன், படிப்பு முடிந்ததும் ஊர்ச் சபைக்கே போகப்போகிறவன், கேள்வி கேட்கும்போது கையைக் கட்டிக்கொள்வான். அம்மா, இதெல்லாம் செத்துப்போன சண்டை, என் சபையில் பன்னிரண்டு குடும்பம், விடிஞ்சா உப்பு வார்றதுக்குப் போறவங்க, இயேசுவுக்கு ஒரு சுபாவமா ரெண்டு சுபாவமான்னு அவங்களுக்கு எதுக்கு என்று கேட்டான். நான் என்ன சொன்னேன். பரீட்சையில் பத்து மார்க் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் மரியாதைக்குச் சிரித்தான். பதில் தெரியாத வாத்தியார் செய்கிற வேலை அது. பதினேழு கூப்பிடுகிறார்கள், நடுவில் மூன்று பேர் எப்போது போனார்கள். கிப்சன் முழங்கால்மேல் கைகளை வைத்திருக்கிறான், அவை நடுங்கவில்லை. மற்ற மாதங்களில் நடுங்கும், மருந்தின் நடுக்கம், அது இல்லாமல் கை அமைதியாக இருப்பதைப் பார்த்து முதல் வாரமே கண்டுபிடித்திருக்கலாம், கண்ணுக்குத் தெரிந்தும் மனசு அதைப் பார்க்கவில்லை.

வேதப்புரட்டு. சபை தப்பு என்று தள்ளிய போதனைகளுக்கெல்லாம் நம் பழைய கிறிஸ்தவத் தமிழில் அதுதான் பேர். புரட்டு என்றால் பொய் என்று மட்டும்தான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருந்தேன். தோசையைப் புரட்டுகிறோம், பாயைப் புரட்டுகிறோம், அதுவும் புரட்டுதான். ஒரே பொருளைத் தனக்குப் பார்க்க முடிகிற பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வது. அப்படிப் பார்த்தால் அந்த ஆட்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம், ஒவ்வொருவரும் ஒரு கூச்சத்தில் தொடங்கியிருக்கிறார்கள். முதலில் தோற்றம் என்று சொன்னவர்கள். இயேசு மனிதன்போலத் தெரிந்தார், அவ்வளவுதான், பசியும் தெரிந்தது, ரத்தமும் தெரிந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அவர் நடந்தால் மண்ணில் கால்தடமே விழாது என்றுகூட ஒரு கூட்டம் நம்பியிருக்கிறது. கால்தடம் விழாத மனிதன். எவ்வளவு பிரியம் இருந்தால் ஒருத்தரைப் பற்றி அப்படி யோசிக்கத் தோன்றும், அவர்மேல் தூசிகூடப் படக் கூடாது, அவர் கழிவறைக்குப் போனார் என்று நினைக்கக் கூடாது. நானும் அதைத்தானே செய்தேன். தம்பிக்கு என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை, கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி, ரெஸ்ட்டில் இருக்கிறான் என்று எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பேன். வியாதி இருப்பதுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். என் தம்பியையும் மண்ணில் தடம் விழாமல் நடக்க வைத்தேன்.

பிறகு ஆரியஸ். பேரைச் சொன்னதும் ஒவ்வொரு வருஷமும் ஒருத்தன் ஆரியர் திராவிடர் என்று ஆரம்பிப்பான், இல்லையப்பா, இவர் எகிப்தில், அலெக்சாந்திரியாவில் போதகர் என்று அடக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். அவர் கொள்கையைப் பாட்டாகவே கட்டிவிட்டார், துறைமுகத்தில் கப்பல்காரர்களும் மாவு அரைக்கிறவர்களும் அதைப் பாடினார்கள் என்று படித்த நாளிலிருந்து அது என்ன ராகமாக இருக்கும் என்று யோசிக்கிறேன், மாவு அரைக்கிற வேகத்துக்கு ஏற்ற பாட்டாகத்தான் இருந்திருக்கும். கடவுள் அவ்வளவு கிட்டத்தில் வர மாட்டார் என்பது அவர் பேச்சு. வந்தவர் பெரியவர்தான், எல்லாப் படைப்புக்கும் முந்தினவர்தான், ஆனாலும் அனுப்பப்பட்ட ஆள். எங்கள் தெருவில் இடுப்பளவு வெள்ளம் வந்த வருஷம் ஒரு அதிகாரி படகில் வந்து பேர் எழுதிக்கொண்டு போனார், மேலிடத்தில் சொல்கிறேன் என்றார், நல்ல மனிதர், பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். அவரைப் பார்த்ததில் ஆறுதல் இருந்தது, ஆனால் தண்ணீரில் நின்றது நாங்கள்தான். ரீகனுக்கு இதைச் சொல்லியிருக்கலாம். உப்பளத்துக்காரர்களுக்கு, மேலேயிருந்து வந்தவர் மேலாளரா முதலாளியா என்ற வித்தியாசம் தெரியாமலா இருக்கும். இருபத்தாறு. எதிர்ப் பெஞ்சில் ஒரு அம்மா தன் முந்தானை நுனியை மகனின் மணிக்கட்டில் கட்டி வைத்திருக்கிறாள், அவன் எழுந்தால் அவளும் எழ வேண்டும், அவன் மூன்று தடவை எழுந்துவிட்டான், மூன்று தடவையும் அவள் அலுத்துக்கொள்ளவில்லை. சுடிதார் போட்ட ஒரு பெண் தரையில் இருக்கிற சதுரங்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வருகிறாள், யாராவது மிதித்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

மனித மனசு ஒதுங்கிக்கொள்ளும். இதை நான் வேறெங்கோ கேட்டிருக்கிறேன், ஒபேத் பிரதர் வாயில் அல்ல. நேற்றிலிருந்து அது பல்லிடுக்கில் சிக்கிய நாராக உறுத்துகிறது. அப்பொலினாரியஸ். ஆமாம், அப்பொலினாரியஸ். லவோதிக்கேயாவின் பேராயர், படித்தவர், ஆரியஸின் ஆட்களை எதிர்த்து வருஷக்கணக்காக நின்றவர், வகுப்பில் அவருக்கு நான் ஒதுக்குவது இருபது நிமிஷம், அதுவும் மணி அடிக்கப்போகிற நேரத்தில். இயேசுவுக்கு உடம்பு நம் உடம்புதான், உயிர் நம் உயிர்தான், ஆனால் யோசிக்கிற மனசு மட்டும் நம்முடையது இல்லை, அந்த இடத்தில் தேவ வார்த்தையே, அதாவது கடவுளே, உட்கார்ந்துகொண்டார் என்றார். ஏன் அப்படிச் சொன்னார், கெட்ட எண்ணத்திலா. மனித மனசு தள்ளாடும், மாறும், தப்பு அங்கேதான் முளைக்கும், அந்த மாதிரி ஒரு பொருளை எப்படி அவருக்குள் வைப்பது என்று அவருக்குக் கூச்சம். பதினாறு வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதி அழித்திருக்கிறேன், உடம்பு, உயிர், மனசு என்று மூன்று கட்டம் போட்டு மூன்றாவதில் பெருக்கல் குறி. இன்றைக்கு அந்தப் பெருக்கல் குறியைப் பார்க்கிறேன். இந்தக் கூடத்தில் அறுபது பேர் இருக்கிறோம். ஒருத்தருக்கும் கை முறியவில்லை, காய்ச்சல் இல்லை. இத்தனை பேருக்கும் உடைந்திருப்பது அவர் வேண்டாம் என்று விட்ட அந்த மூன்றாவது கட்டம். வீட்டுக்கு வந்த ஒருவர் முன்னறைக்கு வந்தார், அடுப்படிக்கு வந்தார், ஒரு அறை மட்டும் தாறுமாறாகக் கிடக்கும் என்று அதன் வாசலில் திரும்பிவிட்டார் என்றால், அந்த அறையிலேயே குடியிருக்கிறவன் என்ன செய்வான். பூட்டிக்கொண்டு, நான் இங்கே இல்லை என்பான். மாத்திரையைத் தொட்டியில் புதைப்பான். அன்றைக்கு அவரை எதிர்த்த பேராயர்கள் கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டது இதற்காகவா. அவர்களுக்கு இந்தப் பெஞ்சு தெரியாது, ஆனால் யாரோ ஒருத்தருடைய தம்பியை அவர்களும் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு கோபம் வராது. அப்படியானால் ரீகன், வெறும் பத்து மார்க் இல்லையப்பா. எப்படிச் சொல்வேன், உன் சபையில் பன்னிரண்டு குடும்பத்தில் ஒரு வீட்டில் கட்டாயம் ஒரு அறை பூட்டியிருக்கும், அதைக் கேட்டுப் பார் என்றா. நாற்பத்திரண்டு. கிப்சனிடம் இதைச் சொன்னால் என்ன என்று திரும்பினேன், பெஞ்சில் அவன் இல்லை.

அவன் உட்கார்ந்த இடம் இன்னும் சூடாக இருந்தது, கையை வைத்துப் பார்த்தேன், எதற்காக வைத்துப் பார்த்தேனோ. முந்தானைக்கார அம்மா வாசல் பக்கம் கையைக் காட்டினாள். குடிநீர்க் குழாயடியில் இல்லை. ஆண்கள் கழிவறைக்கு வெளியே நின்று கிப்சா, கிப்சா என்று கூப்பிட்டேன், வேறு யாரோ இருமினார்கள். மாடிப்படி. மாடிப்படியில் ஏறியிருப்பானோ, மேலே மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்குமா, இந்த மாதிரி இடத்தில் பூட்டித்தான் வைப்பார்கள், பூட்டியிருக்க வேண்டும், கர்த்தாவே பூட்டியிருக்க வேண்டும், செருப்பு வழுக்குகிறது, இவ்வளவு நேரம் நான்காம் நூற்றாண்டில் உட்கார்ந்திருந்தாயே பாவி, பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்தாயா. படிக்கட்டைத் தாண்டித் திரும்பும்போது தெரிந்தான். வார்டின் இரும்புக் கிராதிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான், கம்பியைப் பிடிக்காமல், ஒரு எட்டு தள்ளி. ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருபத்தொரு நாள் இருந்தான். முதல் இரண்டு நாள் கையைத் துணியால் கட்டியிருந்தார்கள், தன்னைத்தானே அடித்துக்கொண்டதால், எனக்குத் தெரியும், கையெழுத்துப் போட்டது நான். மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். திட்டவில்லை. அவன் என்னைப் பார்க்காமலே கேட்டான்.

“அக்கா, ஏசப்பாவுக்குப் பயமே வராதாமே, நெசமா?”

“வந்துச்சு,” என்றேன்.

யார் சொன்னது என்று கேட்டான். பிடிபடுவதற்கு முன்னால் தோட்டத்தில் அவர் பட்ட பாட்டைச் சொன்னேன். நம் வேதாகமத்தில் அந்த இடத்தில் திகில் என்றே போட்டிருக்கிறது, இப்போது சினிமாவுக்குப் போடுகிற அதே சொல் என்றேன். கூட வந்தவர்களை விழித்திருக்கச் சொல்லிக் கேட்டார், தனியாக இருக்க முடியவில்லை என்றேன். வகுப்பில் சொல்கிற வேகத்தில் வந்துவிட்டது, நிறுத்திக்கொண்டேன். அவன் கிராதிக்குள் பார்த்தபடியே யோசித்தான். அவன் யோசிப்பது எனக்குப் பிடிக்கும், கழற்றிய திருகாணிகளை ஒழுங்காக வரிசையில் வைப்பதுபோல யோசிப்பான்.

“அப்ப அவருக்கும் மனசு இருந்துச்சா? நம்ம மனசு மாதிரி?”

“நம்ம மனசு மாதிரியேதான். இல்லைன்னு ஒருத்தர் சொன்னாரு. அது தப்புன்னு பேராயர்மாரெல்லாம் பெரிய சங்கமே கூட்டித் தீர்ப்புச் சொன்னாங்க.”

“குரல் கேட்டிருக்குமா?”

இதற்கு எந்தச் சங்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. தெரியல கிப்சா என்றேன். ஆனால் ஒன்று எழுதியிருக்கிறது, அவருடைய சொந்தக்காரர்களே அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி அவரைப் பிடித்துக்கொண்டு போக வந்தார்கள், மாற்கில் இருக்கிறது, மூன்றாம் அதிகாரம் என்றேன். அவன் சட்டென்று திரும்பினான். அதை அவனுக்கு யாரும் சொன்னதில்லை, எத்தனையோ பிரசங்கம் கேட்டவன். சொந்தக்காரங்களா என்றான். ஆமாம் என்றேன். அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“அக்காவும் வந்துச்சா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அங்கே அம்மாவும் சகோதரர்களும் என்றுதான் ஞாபகம் என்று விளக்கியிருக்கலாம். வந்திருக்கும் என்றேன். நல்லதுன்னு நினைச்சுத்தான் வந்திருக்கும் என்றேன். அப்புறம், தொட்டியைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். அவன் கோபப்படுவான், அல்லது மறுப்பான் என்று நினைத்தேன். தெரியும், நேத்து மண்ணு மாறியிருந்துச்சு என்றான். மாத்திரையை விட்ட நாலாம் நாளிலிருந்தே பழையபடி பேச்சு கேட்க ஆரம்பித்துவிட்டதாம், மிக்ஸி ரிப்பேர் பார்க்கும்போது மோட்டாருக்குள்ளிருந்து. பயந்தால் பிசாசுக்கு இடம் கொடுத்ததாகிவிடும் என்று பயப்படாமல் இருந்து பார்த்தானாம். பதினேழு நாள். பயப்படாம இருக்கிறதுதான் அக்கா ரொம்பக் கஷ்டம் என்றான். நான் அவன் தோளைத் தொட்டேன், தொடவிட்டான். கூடத்திலிருந்து நாற்பத்தைந்து என்று கேட்டது, இருவரும் திரும்பி நடந்தோம், அவன் முன்னால், நான் பின்னால்.

டாக்டரம்மா புதுசு, போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர், சின்ன வயசு, மூக்குக்கண்ணாடி நழுவிக்கொண்டே இருந்தது. உட்காருங்க என்றார். எப்படி இருக்கார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். வழக்கமான கேள்வி, வழக்கமாக நான்தான் சொல்வேன், நல்லாத் தூங்குறான் டாக்டர், சாப்பாடு பரவாயில்லை, கொஞ்சம் மறதி, நடுக்கம் இருக்கு, குளிக்கச் சொன்னாக் குளிக்கிறான், எல்லாம் வரிசையாக நாக்கில் இருந்தது, வாயைத் திறந்தும்விட்டேன்.

“நீ வெளிய இரு அக்கா. நான் பேசுதேன்,” என்றான் கிப்சன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தலையசைத்தார். எழுந்தேன். நாற்காலியிலிருந்து கதவுக்கு நாலு எட்டுதான், அதை நடக்கும்போதுதான் தெரிந்தது, பதினெட்டு வருஷமாக இந்த அறைக்கு நான் அவனுடைய உடம்பைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், மனசு இருக்க வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன், நல்லதுன்னு நினைச்சுத்தான், கூச்சப்பட்டுத்தான், அப்பொலினாரியஸை என்ன சொல்ல. கதவைச் சாத்தும்போது பின்னால் அவன் குரல் கேட்டது. டாக்டர், இருபத்தொரு நாளா மாத்திரை போடல, எனக்குப் பயமா இருக்கு. உள்ளே நாற்காலி இழுக்கிற சத்தம், டாக்டரம்மா கிட்டே வந்து உட்கார்ந்திருப்பார். திரும்ப அட்மிட் பண்ணுவார்களா, ஊசி போடுவார்களா, வாரா வாரம் வரச் சொல்வார்களா, அந்தக் கிராதிக்கு உள்ளே மறுபடியும் அவனை விட வேண்டியிருக்குமா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாமல் நிற்பது புதுசாக இருந்தது. கதவு மெல்லிய பலகைதான், காதை வைத்தால் கேட்கும். வைக்கவில்லை. அவன் விட்டு விட்டுப் பேசுகிறான், நடுவில் நிறுத்துகிறான், அந்த நிறுத்தத்தில் வழக்கமாக நான் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுப்பேன், இப்போது யாரும் கொடுக்கவில்லை, பிறகு அவனே அந்த வார்த்தையைக் கண்டுபிடித்துத் தொடர்கிறான், நான் கொடுத்திருக்கக்கூடிய வார்த்தை அதுவாக இருக்காது. எதிர்ப் பெஞ்சு அம்மா மகனோடு சேர்ந்து இடம் மாறி என் பக்கம் வந்து உட்கார்ந்தாள், ஒதுங்கி எனக்கும் இடம் விட்டாள். அஞ்சு நிமிசத்துக்கு மேல ஆச்சே, உள்ள யாரு என்று கேட்டாள்.

“என் தம்பி,” என்றேன். “அவனே பேசிக்கிட்டிருக்கான்.”